ஓட்டியவனின் அக்கா எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் '21 கிராம்ஸ்' திரைப்படத்தைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். கோபத்தோடு எழுதக் கூடாது என்று எழுந்துவிட்டேன். பத்து நாட்களாகியும் கோபம் முழுதாக ஆறவில்லை. ஆனால் சொல்ல வேண்டியது என்ன என்பது தெளிந்திருக்கிறது. கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாது என்றால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், என் தம்பியைப் பற்றிய வரிகளில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுரையாளர் படத்தை மட்டமாகப் பேசவில்லை. நடிப்பைப் பாராட்டியிருக்கிறார். 2003-இல் வெனிஸ் விழாவில் ஷான் பென்னுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்ததையும், நவோமி வாட்ஸும் பெனிசியோ டெல் டோரோவும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டதையும் சரியாகவே குறிப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு எழுதியதுதான் எனக்கு ஒப்பவில்லை. கதையை முன்னும் பின்னுமாக வெட்டி ஒட்டியிருப்பது இயக்குநரின் கெட்டிக்காரத்தனமே தவிர வேறொன்றுமில்லை, நேராகச் சொல்லியிருந்தால் இன்னும் ஆழமாகத் தைத்திருக்கும் என்கிறார். ஒரு குடும்பத்தை வண்டியேற்றிக் கொன்றவனுக்குப் படத்தில் அத்தனை நேரம் எதற்கு என்று கேட்கிறார். போகிற போக்கில், ஆன்மாவின் எடை 21 கிராம் என்று அறிவியல் நிரூபித்திருக்கிறது என்றும் எழுதிவிட்டார்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையை ஒரு முறை நேராகச் சொல்லிவிடுகிறேன். படம் வெளிவந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, சொல்வதில் தவறில்லை. பால் ரிவர்ஸ் ஒரு கணிதப் பேராசிரியர். இதயம் செயலிழந்து, மாற்று இதயத்துக்காகக் காத்துக் கிடக்கிறார். கிறிஸ்டினா போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு, கணவரோடும் இரண்டு மகள்களோடும் வாழ்கிறவள். ஜாக் ஜோர்டான் சிறைக்குப் போய்வந்தவன். இப்போது ஏசுவைப் பற்றிக்கொண்டு, தன்னைப் போலக் கெட்டுப்போகிற பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறவன். ஒரு மாலை ஜாக்கின் டிரக் கிறிஸ்டினாவின் கணவர் மீதும் இரண்டு குழந்தைகள் மீதும் ஏறிவிடுகிறது. குழந்தைகள் இறந்துபோகிறார்கள். மூளைச் சாவடைந்த கணவரின் இதயம் பாலுக்குப் பொருத்தப்படுகிறது. பிழைத்தெழுந்த பால், யாருடைய இதயம் தனக்குள் துடிக்கிறது என்று துப்பறிவாளரை வைத்துத் தேடிக் கிறிஸ்டினாவிடம் போய்ச் சேருகிறார். அங்கிருந்து காதலும் பழிவாங்கலுமாக நியூ மெக்சிகோவின் ஒரு விடுதி அறை வரை போகிறது கதை.

இவ்வளவுதான். ஒரு பத்தியில் அடங்கிவிட்டது. இதைப் படித்ததில் யாருக்காவது நெஞ்சு அடைத்ததா? எனக்கு எழுதும்போதே அடைக்கவில்லை. வரிசையாகச் சொன்னதும் அது ஒரு செய்தியாகிவிட்டது. விபத்துச் செய்திகளை நாம் அன்றாடம் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறவர்கள்தாமே.

என் தம்பி சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாள் மாலையில், சைக்கிளில் குறுக்கே திரும்பிய ஒன்பது வயதுப் பையன் ஒருவன் அவன் வண்டியில் அடிபட்டு இறந்துபோனான். தம்பி குடித்திருக்கவில்லை. வேகமாகவும் போகவில்லை. அவன் மேல் குற்றமில்லை என்று கடைசியில் நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதையெல்லாம் நான் முந்திக்கொண்டு சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். ஓட்டியவனின் வீட்டார் பேச்சு எப்போதும் இங்கேதான் தொடங்கும். நானும் அதற்கு விலக்கல்ல.

விசாரணையின்போது எல்லாரும் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "முதலிலிருந்து வரிசையாகச் சொல்." அவனால் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வைப்பரில் ஆரம்பிப்பான். வண்டி நின்றுவிட்டது, எஞ்சின் அணைந்துவிட்டது, வைப்பர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது என்பான். பிறகு அன்று காலையில் அம்மா சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுத்ததைச் சொல்வான். பிறகு மருத்துவமனை வாசல். பிறகு மறுபடியும் வைப்பர். எங்கள் வழக்கறிஞர் நல்ல மனிதர், அவரே ஒரு நாள் பொறுமை இழந்து, "இப்படிக் குழப்பினால் எதையோ மறைக்கிறாய் என்றுதான் நினைப்பார்கள்" என்றார். கடைசியில் அவரே தேதி, நேரம், இடம் என்று வரிசையாக எழுதித் தந்தார். தம்பி அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தான். ஒப்பித்தது அத்தனையும் உண்மை. ஆனால் அதில் என் தம்பி இல்லை, அந்தப் பையனும் இல்லை.

தங்கள் கட்டுரையாளர் படத்தைப் பார்த்துக் கேட்பதும் அந்த வழக்கறிஞர் கேட்டதையேதான்.

இறந்தவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரையாவது உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பிறப்பில் தொடங்கிச் சாவில் முடிக்கிறவர் ஒருவரும் கிடையாது. நேற்று நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருபது வருடம் பின்னால் போவார்கள். அங்கிருந்து நடக்காமலே போன ஒன்றுக்குத் தாவுவார்கள். 'அன்றைக்கு மட்டும் போகாமல் இருந்திருந்தால்' என்று ஒரு வாசல் திறந்துகொள்ளும், அதற்குள் போய் வெகுநேரம் வெளியே வரமாட்டார்கள். இயக்குநர் அலெஹாந்த்ரோ கொன்சாலெஸ் இன்யாரிட்டுவும், திரைக்கதை எழுதிய கியர்மோ அரியாகாவும் படத்தை அடுக்கியிருப்பது இந்த முறையில்தான். வெட்டியும் ஒட்டியும் வேடிக்கை காட்டுவது அவர்கள் நோக்கமென்றால், இரண்டாம் முறை பார்க்கும்போது படம் சப்பென்று போயிருக்க வேண்டும். விடை தெரிந்த விடுகதை யாருக்கு வேண்டும்? நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கனக்கிறது.

விபத்துக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்சி என்று சொல்லலாமா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு புல்தரையில் ஓர் இளைஞர் உதிர்ந்த இலைகளை இயந்திரத்தால் ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறார். கிறிஸ்டினாவின் கணவரும் இரண்டு சிறுமிகளும் அந்த வழியாக வருகிறார்கள். ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கடந்துபோகிறார்கள். திரையின் ஓரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு டிரக் கடக்கிறது. இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு சத்தம். அந்த இளைஞர் தலையைத் திருப்பிப் பார்த்து, இயந்திரத்தை விட்டுவிட்டு ஓடுகிறார். கேமரா அவர் பின்னால் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது. புல்லையும் இலைகளையும்தான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ரத்தமில்லை, அலறலில்லை, உடல்கள் இல்லை. இதற்குள் அந்த மூவரும் இறந்துவிட்டார்கள் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். கிறிஸ்டினா மருத்துவமனையில் நிற்பதை முன்பே பார்த்துவிட்டோம். ஆகையால் 'என்ன ஆகுமோ' என்ற பதைப்பு கிடையாது. அந்தச் சிறுமிகள் கடந்துபோகிற அந்தச் சில நொடிகளை இன்னும் கொஞ்சம் நீட்ட முடியாதா என்ற ஏக்கம்தான் மிஞ்சுகிறது. நேராகச் சொல்லியிருந்தால் இந்த ஏக்கம் எங்கிருந்து வரும்?

முதல் முறை பார்த்தபோது இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். எனக்கு வைப்பர்தான் கேட்டது. மீதிப் படத்தைப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

இப்போது ஜாக்கிடம் வருகிறேன். கொன்றவனுக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று கேட்டாரே, அதற்கு.

படத்தின் தொடக்கத்திலேயே ஜாக் வந்துவிடுகிறான். தறுதலையான ஓர் இளைஞனிடம் உட்கார்ந்து, உன் தலையில் ஒரு மயிர் அசைந்தாலும் கடவுளுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். வீட்டில் மகனிடம் அடிவாங்கிய மகளை, மற்றக் கையையும் நீட்டு என்கிறான். கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பையைச் சுமக்கும் வேலை, உடம்பிலுள்ள பச்சை குத்தல்கள் உறுப்பினர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அதுவும் போய்விடுகிறது. அந்த டிரக் ஒரு குலுக்கலில் கிடைத்தது. ஏசுவே கொடுத்தது என்று நம்புகிறான். நமக்கு அவன்மேல் கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் இரக்கம், கொஞ்சம் பயம் எல்லாம் வந்துவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் அவன் என்ன செய்தான் என்பது முழுதாகத் தெரிகிறது. தீர்ப்புக்கு முன்னால் ஆளைச் சந்தித்துவிடுகிறோம். வாழ்க்கையில் இது நடப்பதேயில்லை. செய்தித்தாளில் முதலில் 'டிரைவர் கைது' என்றுதான் வரும். அதற்கப்புறம் அவன் யார் என்று கேட்க யாருக்கு மனம் வரும்? இந்த ஒரு காரணத்துக்காகவே படத்தின் வரிசையை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அன்று அவனுக்குப் பிறந்தநாள். வீட்டில் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். தாமதமாக வந்து சேருகிற அவன் முகத்தைப் பார்த்ததுமே மனைவி மேரியனுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு அவள் அந்த டிரக்கின் முன்பக்கத்தைக் கழுவுகிறாள். யாரும் பார்க்கவில்லை, போய்ச் சொல்லாதே, நமக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கெஞ்சுகிறாள். மெலிசா லியோ என்ற நடிகை அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். அவரைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு இந்தப் படத்தில் மிக நெருக்கமானவள் அவள்தான். ஏனென்றால் அன்றிரவு எங்கள் அம்மா தம்பியின் சட்டையைத் துவைத்தாள். அதில் ரத்தம் கிடையாது, மழையில் நனைந்திருந்தது, அவ்வளவே. துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டாள். திரும்ப எடுத்து வந்து மறுபடி துவைத்தாள். மூன்றாவது தடவை நான் கையைப் பிடித்தேன். "விடு, இன்னும் போகவில்லை" என்றாள். காலையில் தைத்த அந்தப் பொத்தான் அதற்குள் அறுந்து வாளியில் கிடந்தது.

ஜாக் தானே போய்ச் சரணடைகிறான். வழக்கு நிற்கவில்லை, வெளியே வருகிறான். வெளியே வந்ததுதான் அவனுக்குப் பெரிய தண்டனை. தலைமயிர் அசைவது தெரிந்த கடவுளுக்கு இது தெரியாதா என்ற கேள்வியிலிருந்து அவனால் மீள முடியவில்லை. வீட்டை விட்டுப் போகிறான். கையிலிருக்கும் சிலுவைப் பச்சையைச் சூடேற்றிய கத்தியால் தீய்த்துக்கொள்கிறான். கடைசியில், தன்னைக் கொல்ல வந்தவர்களின் அறைக்கே போய், என்னைக் கொன்றுவிடு என்று நிற்கிறான். அந்தக் கைகலப்பில் பால் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறார். சுட்டது நான்தான் என்று போலீசிடம் சொல்கிறவன் யார்? அதுவும் ஜாக்தான். அதையும் நம்பாமல் அனுப்பிவிடுகிறார்கள். தண்டனை கேட்டு வாசல் வாசலாக அலைகிற மனிதனை டெல் டோரோ நடித்துக் காட்டவில்லை, அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

என் தம்பிக்கு 'குற்றமில்லை' என்று தீர்ப்பு வந்த அன்று நாங்கள் எல்லாரும் அழுதோம். அவன் அழவில்லை. "அப்படியானால் யார்தான் செய்தது?" என்று என்னைக் கேட்டான். அதன்பின் அவன் வண்டிச் சாவியைத் தொட்டதேயில்லை. மழை பிடித்தால் இன்றும் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவான்.

இவன் பக்கமே பேசுகிறாளே, இழந்தவர்களைப் பற்றி இவளுக்கு அக்கறை இல்லையா என்று நினைக்க வேண்டாம். படம் கிறிஸ்டினாவை விட்டுவிடவில்லை, நானும் விடமாட்டேன். கணவர் பேசி வைத்துவிட்டுப்போன குரல் தொலைபேசியில் இருக்கிறது. அதை அவள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். சொல்வதெல்லாம் சாதாரண சங்கதிதான், கிளம்பிவிட்டோம், வந்துகொண்டிருக்கிறோம் என்பதுபோல. இன்னோர் இடத்தில் பாலிடம் வெடிக்கிறாள்: மகள் சிவப்புக் கயிறு கட்டிய காலணியோடு செத்துப்போனாள். அவளுக்குச் சிவப்புக் கயிறு பிடிக்காது. நீலக் கயிறு வாங்கிக் கொடு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வாங்கிக் கொடுக்கவேயில்லை. ஒரு தாய்க்குக் கடைசியில் கையில் நிற்பது இதுதான். இறப்பின் காரணமோ நேரமோ அல்ல, ஒரு ஜோடிக் கயிறு.

அந்தப் பையனின் அம்மாவை நான் ஒரே ஒரு முறை நீதிமன்றத் தாழ்வாரத்தில் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரில் போகத் தைரியமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அதனால்தான் அவர் கால்கள் தெரிந்தன. இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு. வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் அப்படியே வந்திருக்கிறார். கூட வந்தவர்கள் யாருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லையா, அல்லது யார் கண்ணிலும் படவில்லையா? நான் சொல்லியிருக்கலாமா? ஓட்டியவனின் அக்கா எந்த உரிமையில் சொல்வது? அவர் முகம் எனக்கு மறந்துவிட்டது. செருப்புகள் மறக்கவில்லை. இது என் நினைவில் எந்த இடத்தில் வரும் என்று எனக்கே தெரியாது. எங்கேயோ எதையோ செய்துகொண்டிருக்கும்போது, முன்னும் பின்னும் இல்லாமல், அந்தத் தாழ்வாரம் வந்து நிற்கும். படத்தில் காட்சிகள் வந்து நிற்பது போலவே.

இதயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலகில் முதன்முதலாக மனிதரிடமிருந்து மனிதருக்கு இதயம் மாற்றியது 1967 டிசம்பர் 3 அன்று, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், குரோட் ஷூர் மருத்துவமனையில். செய்தவர் கிறிஸ்டியான் பர்னார்ட். பெற்றுக்கொண்டவர் லூயிஸ் வாஷ்கான்ஸ்கி, 18 நாட்கள் உயிரோடு இருந்தார். கொடுத்தவர் டெனிஸ் டார்வால் என்ற 25 வயதுப் பெண். முந்தின நாள், கேக் வாங்கிக்கொண்டு போவதற்காகத் தாயோடு சாலையைக் கடந்தபோது ஒரு கார் மோதியது. தாய் இறந்துபோனார். மகளின் இதயத்தைக் கொடுக்கச் சம்மதம் தந்தவர் தந்தை எட்வர்ட் டார்வால். மனைவியையும் மகளையும் ஒரே நாளில் இழந்த மனிதர். முதல் மாற்று இதயமே ஒரு சாலை விபத்திலிருந்துதான் வந்திருக்கிறது. கொடுத்தவர், பெற்றவர், அறுத்துத் தைத்தவர் மூவரையும் வரலாறு பெயரோடு எழுதி வைத்திருக்கிறது. காரை ஓட்டிய கையும் அந்தக் கதையில் உண்டு. மருத்துவ வரலாற்றுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். இந்தப் படத்துக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஒருவர் பிழைக்க ஒருவர் இறக்க வேண்டியிருந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், இறக்கக் காரணமானவனையும் அதே மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். இன்யாரிட்டுவும் அரியாகாவும் சேர்ந்து 2000-இல் எடுத்த முதல் படமான 'அமோரெஸ் பெர்ரோஸ்' படத்திலும் மெக்சிகோ நகரத்துக் கார் மோதல் ஒன்றுதான் பலருடைய வாழ்க்கையை முடிச்சுப் போடுகிறது. அவர்களுக்கு விபத்து ஒரு முடிவாகத் தெரியவில்லை, ஒரு கூட்டுச்சாலையாகத் தெரிந்திருக்கிறது.

இனி 21 கிராம். இதில் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேச வேண்டும். 31 ஆண்டுகள் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தராசு என் கையில் வளர்ந்த பிள்ளை மாதிரி.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹேவர்ஹில் ஊரைச் சேர்ந்த டங்கன் மெக்டூகல் என்ற மருத்துவர், சாகும் தறுவாயிலிருந்த நோயாளிகளைக் கட்டிலோடு ஒரு பெரிய தராசில் ஏற்றி எடை பார்த்தார். 1901-இல் தொடங்கி, 1907-இல் வெளியிட்டார். மொத்தம் ஆறே ஆறு பேர். அதில் இரண்டு பேரின் கணக்கைச் சரியாக எடுக்க முடியவில்லை என்று அவரே தள்ளிவிட்டார். மீதியிருந்தவர்களிலும் எடை குறைந்த விதம் ஒன்றுபோல இல்லை. ஒருவருக்குக் குறைந்த எடை திரும்பக் கூடியது, இன்னொருவருக்குச் சற்றுப் பொறுத்து மேலும் குறைந்தது. முதல் நோயாளிக்கு முக்கால் அவுன்ஸ் குறைந்தது. அதைக் கிராமில் சொன்னால் 21.3. உலகம் பிடித்துக்கொண்டது அந்த ஒரு மனிதரின் கணக்கைத்தான்.

அவருடைய தராசு காட்டக்கூடிய மிகச் சிறிய மாற்றமே ஓர் அவுன்ஸில் பத்தில் இரண்டு பங்கு, அதாவது ஐந்தரைக் கிராமுக்கு மேல். அந்த முதல் நோயாளி, வியர்வையாலும் மூச்சில் போகும் ஈரத்தாலும் மணிக்கு ஓர் அவுன்ஸ் இழந்துகொண்டிருந்தார் என்று மெக்டூகலே எழுதியிருக்கிறார். ஓர் அவுன்ஸ் என்பது 28 கிராம். ஆன்மா என்று சொல்லப்படுவதைவிட ஒரு மணி நேர மூச்சும் வியர்வையும் கூடுதல் எடை! பிறகு 15 நாய்களை எடைபோட்டுப் பார்த்தார், எதற்கும் குறையவில்லை, ஆகவே நாய்க்கு ஆன்மா இல்லை என்றார். அகஸ்டஸ் கிளார்க் என்ற மருத்துவர் அப்போதே மறுத்தார். மூச்சு நின்றதும் நுரையீரல் ரத்தத்தைக் குளிர்விப்பது நின்றுபோகிறது, உடல் சூடேறி வியர்க்கிறது, நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை என்றார்.

எங்கள் ஆய்வகத் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். கதவைச் சாத்தாமல் முள்ளைப் பார்க்கக் கூடாது, மூச்சுக் காற்று பட்டாலே முள் ஆடும். எடைக்கற்களை விரலால் தொடக் கூடாது, இடுக்கியால் எடுக்க வேண்டும், விரலின் ஈரம் ஒட்டிக்கொள்ளும். இதைச் சொல்லாத நாள் என் வேலையில் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்டவள், ஆறு பேரைக் கட்டிலோடு தூக்கிவைத்து, பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டதை 'அறிவியல் நிரூபித்தது' என்று அச்சில் பார்த்தால் எப்படிப் பொறுப்பேன்? மாணவர்கள் படிக்கும் இணைப்பிதழ் இது.

படம் இப்படிச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பால் மரணப் படுக்கையில் மனத்துக்குள் பேசும்போது, 21 கிராம் இழக்கிறோம் என்று 'சொல்கிறார்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அதற்குப் பிறகு வருவதில் பெரும்பகுதி கேள்விகள். அவர் கணிதம் கற்பித்தவர். அளவின் மீது நம்பிக்கை உள்ள மனிதர். அளந்துவிட முடியாத ஒன்றின் முன்னால் கடைசி நேரத்திலும் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதுதான் என்னை உலுக்கியது. நான் ஓய்வுபெறும் வாரத்தில் எடைப்பெட்டியைக் கடைசியாகத் துடைத்து ஒப்படைத்தபோது 20 கிராம் கல்லையும் 1 கிராம் கல்லையும் இடுக்கியால் எடுத்து, 31 ஆண்டுகளில் செய்யாத காரியமாக, இடது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அப்போது இந்தப் படத்தை நான் பார்த்திருக்கவில்லை. எங்கோ படித்த அந்த எண் மட்டும் மனத்தில் இருந்தது. பித்தளையின் சில்லிப்பு கொஞ்ச நேரம் இருந்தது, கையின் சூடேறி அதுவும் போய்விட்டது. எடை என்று ஒன்றும் தெரியவில்லை.

ஒளிப்பதிவாளர் ரொட்ரிகோ ப்ரியத்தோ கேமராவைத் தோளில் சுமந்தே பெரும்பகுதியைப் படமாக்கியிருப்பதையும், படச்சுருளைக் கழுவும்போது வெள்ளியை முழுக்க நீக்காமல் விட்டு அந்தக் கரகரப்பான, வண்ணம் வற்றிய தோற்றத்தைக் கொண்டுவந்திருப்பதையும் கட்டுரையாளர் 'கண்ணை உறுத்துகிறது' என்று ஒரே சொல்லில் ஒதுக்கியிருக்கிறார். தூங்காத கண்ணுக்கு உலகம் அப்படித்தான் தெரியும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. படத்தொகுப்பாளர் ஸ்டீபன் மிரியோனின் பெயரையாவது குறிப்பிட்டிருக்கலாம்.

படத்தில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. பாலும் கிறிஸ்டினாவும் அவ்வளவு சீக்கிரம் நெருங்குவதை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. பாலின் மனைவி மேரியைப் பாதி வழியில் விட்டுவிட்டார்கள் என்ற வருத்தமும் உண்டு. குழந்தை வேண்டும் என்று தவித்தவள் அவள், அவளுடைய இழப்பைத் தொடர்ந்துபோக யாருமில்லை. இவையெல்லாம் விமரிசனத்தில் வந்திருக்க வேண்டிய கேள்விகள்.

கட்டுரை வந்த வாரத்தில் மூன்றாம் முறையாகப் படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பிக்கு இந்தப் படத்தைப் பற்றி நான் சொன்னதேயில்லை. அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்திருந்தேன். பாதிப் படம் ஓடியிருக்கும், திரும்பிப் பார்த்தால் கதவோரம் நிற்கிறான். ஜாக் சிறையில் உட்கார்ந்திருக்கிற காட்சி. அணைக்கப் போனேன். "இருக்கட்டும் அக்கா" என்றான். "முதலிலிருந்து போடட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். கடைசி வரை பார்த்தான். இவன் யார், அவள் யார், இது முன்னால் நடந்ததா பின்னால் நடந்ததா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பள்ளியிறுதி வரைகூடப் படிக்காதவன், பாதியில் வந்து உட்கார்ந்தவன், அவனுக்கு எதுவும் குழம்பவில்லை. முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்தான். "அந்தப் பெண் நீலக் கயிறு வாங்கி வைத்திருந்து மறந்துவிட்டாளா, வாங்கவே இல்லையா?" என்று கேட்டான். வாங்கவே இல்லை என்றேன். சரி என்று போய்ப் படுத்துக்கொண்டான்.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. மெக்டூகலின் சோதனையைப் பற்றிய திருத்தத்தை, கட்டுரை வந்த அதே இணைப்பில், கண்ணில் படும் அளவு எழுத்தில் வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரையும் ஊரையும் விட்டுவிடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. தம்பியும் தங்கள் நாளிதழைத்தான் படிக்கிறான், அந்தத் தாயும் படிக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)